கூகைக்கு ஒரு வீடு



இரவில் லயத்துக் கூரையின்மேல் ஒரு பறவை கரகரவென்று அலறினால், "சாக்குருவி கத்துகிறது, யாருக்குக் கேடோ!" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கல்லெடுத்து விரட்டியவர்களும் உண்டு. அந்தக் கூகைக்குத்தான் செம்பனைத் தோட்டங்கள் பலகையால் வீடு கட்டிக் கொடுத்தன. அது ஏன் என்பதே இன்றைய பேச்சு.

மலாயாவில் வாணிப முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1960களிலிருந்து ரப்பர் மரங்கள் சாய்ந்த இடங்களில் செம்பனை பரவியது. பால்வாளி சுமந்த கைகள் பழக்குலை வெட்டக் கற்றுக்கொண்டன.

செம்பனையோடு எலியும் பெருகியது. ஆண்டு முழுவதும் பழம்; வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் மறைவிடம். எலிக்கு வேறென்ன வேண்டும்? எலியைக் கட்டுப்படுத்தாவிட்டால் எண்ணெயில் 100க்கு 5 பங்கு வரை இழப்பு என்று ஆய்வாளர் கணக்கிட்டார்கள். எலியின் சிறுநீரால் மனிதருக்குக் காய்ச்சல் பரவும் ஆபத்தும் உண்டு.

தோட்டங்கள் முதலில் நஞ்சை நாடின. மரத்துக்கு மரம் நஞ்சுக் கட்டிகளை வைத்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. 1980களின் தொடக்கத்தில், வார்பரின் என்ற நஞ்சுக்கு அசையாத எலிகள் தோன்றின. அதனால் இன்னும் கடுமையான நஞ்சுகள் வந்தன. நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகைக்கும் அதனால் கேடு வந்தது. டக்கெட் என்பவர் 1984இல் 'தி பிளாண்டர்' என்ற தோட்டத்துறை இதழில் இந்த ஆபத்தைப் பற்றி எழுதினார்.

கூகை முன்பு தீபகற்பத்தில் அரிய பறவை. 1960களின் இறுதியில் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது குஞ்சு பொரித்தது கண்டறியப்பட்டது. பிறகு லென்டன் என்ற ஆய்வாளர் அதன் உணவை ஆராய்ந்தார். கூகை எலியை முழுதாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே எலியின் எலும்புகள்! ஒரு சோடி, தன் குஞ்சுகளோடு, ஆண்டில் 1,000க்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது கணக்கு.

ஆனால் கூகைக்குக் கூடு கட்டத் தெரியாது. பொந்திலும் கூரை இடுக்கிலும் முட்டையிடும் பறவை அது. செம்பனையில் பொந்து ஏது? வேலை கொடுத்து வீடு கொடுக்காவிட்டால் ஆள் நிற்பாரா? பறவையும் அப்படித்தான். ஆகவே 1980களில் கம்பத்தின்மேல் பெட்டி வைக்கும் வழக்கம் தோட்டங்களில் பரவியது. 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவான அளவு. தஞ்சோங் காராங் நெல்வயல்களும் பின்னர் இதைக் கைக்கொண்டன.

ரம்பமும் சுத்தியலும் மூலைமட்டமும் பிடிக்கத் தெரிந்தவர் இந்தப் பெட்டியை ஒரே நாளில் செய்துவிடலாம். ஏறக்குறைய 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். முகப்பில், ஒரு பக்கமாக ஒதுக்கி, 6 அங்குல வாசல். உள்ளே பாதியில் ஒரு குறுக்குப் பலகை வைத்து வழி விடவேண்டும். அப்போதுதான் முட்டையிடும் அறை இருட்டாக இருக்கும். பகலில் காகங்கள் கூகையைத் துரத்தும் என்பது வள்ளுவர் காலத்திலேயே தெரிந்த செய்தி; அந்த இருட்டுத்தான் அதற்குக் காவல். கூரை சரிவாக வாசலுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையேல் மழைச்சாரல் உள்ளே அடிக்கும். அடிப்பலகையில் நீர் வடியச் சிறு துளைகள் இடவேண்டும். உட்புறம் சாயம் பூசலாகாது. இழைக்கவும் வேண்டாம், குஞ்சுகள் காலூன்றி ஏறச் சொரசொரப்பு வேண்டும். கம்பம் 12 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பாம்பு ஏறாதபடி நடுவில் தகரம் சுற்றுங்கள்.

ஒன்றை மறக்கலாகாது. பெட்டியையும் வைத்து, கடும் நஞ்சையும் பக்கத்தில் வைத்தால், அழைத்த விருந்தாளிக்கு நாமே நஞ்சிட்டதாகும். கூகையால் எலி அடியோடு ஒழிந்துவிடாது. ஆனால் கட்டுக்குள் நிற்க அது உதவும். எலி குறைந்தால் நஞ்சு வைக்கும் வேலையும் குறையும். அது தொழிலாளிக்கும் நல்லது, வாசலில் விளையாடும் பிள்ளைக்கும் நல்லது.

இனி இரவில் அந்த அலறல் கேட்டால் கல்லைத் தேடாதீர்கள். இரவு வேலைக்கு ஆள் வந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.