ஸல்மான் (ரலி) அவர்களுக்காக நடப்பட்ட முந்நூறு கன்றுகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஒவ்வொரு ரமளானிலும் ஜக்காத்தின் எட்டுப் பங்குகளை விளக்கும்போது, அடிமைகளின் விடுதலைக்குரிய ‘ரிகாப்’ எனும் பங்கை, இக்காலத்தில் அடிமைகள் இல்லை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். மதரஸாவில் ஓதிய காலத்தில் அப்பக்கத்தை விரைந்து புரட்டியவர்களுள் நாமும் ஒருவரே. அவ்வரி சரிதானா என்பதை வரலாறு கொண்டு நோக்குவோம்.

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் சுதந்திரமாகப் பிறந்தவர்கள். வழித்துணையாக வந்தவர்களால் விற்கப்பட்டவர்கள். அடிமைத்தளையில் இருந்தமையால் பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ள இயலவில்லை. முந்நூறு பேரீச்சங்கன்றுகளும் நாற்பது ஊக்கியா பொன்னும் தந்தால் விடுதலை என எஜமானர் எழுதிக்கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள், உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என ஸஹாபாக்களைப் பணித்தார்கள். ஒருவர் முப்பது, ஒருவர் இருபது, இன்னொருவர் பத்து எனக் கன்றுகள் சேர்ந்தன. ஸல்மான் (ரலி) குழி தோண்ட, நபியவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். பொன்னுக்கும் வழி செய்தார்கள். ஒரு மனிதரின் விடுதலையை ஒரு ஜமாஅத்தே சுமந்தது.

பிற்கால முஸ்லிம் அரசுகள் பலவற்றில் அடிமைச் சந்தைகள் நடந்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் துனீசியாவின் ஆட்சியாளர் அஹ்மத் பே 1846-இல் அடிமை முறையை ஒழித்தார். எஜமானர்கள் ஷரீஅத்தின் நிபந்தனைகளைப் பேணவில்லை. சுதந்திரமானவர்களே பிடித்து விற்கப்படுகின்றனர் என்பது அவர் காட்டிய காரணம். பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் இதனைச் செய்தது 1848-இல்தான்.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை விலக்கி வைத்தது. நம் நாட்டு அடிமைகள் 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் வரை காத்திருந்தனர். அதுவும் அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றதேயன்றி, உழைத்தவனுக்கு ஒரு சாண் நிலமும் தரவில்லை. பண்ணையாள், படியாள் எனும் பெயர்களில் கடனே விலங்காயிற்று.

அவ்விலங்கின் இன்றைய பெயர் முன்பணம். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் தொழிலிலும் அதனை வாங்கிய குடும்பங்கள் சிக்குகின்றன. கணக்கு முதலாளியிடம், பிள்ளைகளும் வேலையில், ஊரில் மய்யித்து விழுந்தாலும் ஒருவரைப் பிணையாக விட்டே மற்றவர் செல்ல வேண்டிய நிலை.

இங்கே நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அக்கடன் அறவே நீங்கிவிட்டது. அதனைத் திரும்பப் பெறுவதே மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆகவே ஸல்மான் (ரலி) அவர்களுக்குச் செய்ததுபோல் எஜமானருக்கு நாம் எதுவும் தர வேண்டியதில்லை. உதவி தேவைப்படுவது விடுதலைக்குப் பிறகே. 2016-ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம் என வகுத்தது; எனினும் முழுத்தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டது. கையில் கிடைக்கும் உடனடி உதவி 2022 முதல் முப்பதாயிரம் வரை. அது தீர்ந்தபின் அடுப்பு எரிய வழியின்றி அடுத்த சூளைக்கே முன்பணம் வாங்கிச் சென்றவர்களும் உண்டு. 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாத வடலூரில் பசியின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

இவர்களில் பெரும்பாலோர் இருளர், ஆதிதிராவிடர். ஜக்காத் முஸ்லிம்களுக்குரியது என்பதே ஃபிக்ஹ் அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்து. ஸதக்காவுக்கு அத்தடை இல்லை. எனவே பைத்துல்மாலில் ஸதக்காவிலிருந்து தனிக்கணக்கு ஒன்றைத் தொடங்குமாறு நிர்வாகக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறோம். விடுதலைச் சான்றிதழ் வழங்குபவர் கோட்டாட்சியர். அவருக்கு மனு எழுத வல்ல, நெய்வேலி நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சகோதரர்கள் நம்மிடையே இருக்கின்றனர்.

மற்றொன்று சொல்லக் கசப்பானது. சுதந்திரமானவனை விற்று அக்கிரயத்தை உண்டவனுக்கும், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கும் மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காடுவான் என்பது புகாரியில் இடம்பெறும் ஹதீஸின் கருத்து. தொழில் நடத்தும் நம் சகோதரர்கள் தங்கள் முன்பணக் கணக்கேட்டை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். மழை ஓய்ந்ததும் சூளை வேலை தொடங்கும். முன்பணம் கைமாறுவது அதற்கும் முன்பே.