வால்ஃபோர்ட் ஈஸ்ட்டும் மால்குடியும்

சிவகாசியில் பொதிகை ஏறினால் காலையில் எழும்பூர். இறங்கி, ரோட்டைத் தாண்டிப் படி இறங்கினால் மெட்ரோ. 2018-ல் திறந்த அந்தச் சுரங்க ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு ஊர் பெயரை மாட்டினால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்? வெயில் கிடையாது, மரம் கிடையாது. அடையாளம் என்று இருப்பதே அந்தப் பலகைதான்.

லண்டன்காரர்கள் இதை ரொம்ப நாளாகவே பயன்படுத்துகிறார்கள். 1967-ல் வந்த 'க்வாட்டர்மாஸ் அண்ட் தி பிட்' படத்தில் ஹாப்ஸ் எண்ட் என்று ஒரு சுரங்க ஸ்டேஷன். தோண்டும்போது முதலில் எலும்புக்கூடு, அப்புறம் விண்கலம்! ஸ்டேஷன் முழுக்கக் கற்பனை. பிபிசி 1985-ல் தொடங்கிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் வால்ஃபோர்ட் ஈஸ்ட். நிஜ மேப்பில் ப்ராம்லி-பை-போ இருக்கிற இடத்தில், தொடரில் காட்டும் மேப்பில் இந்தப் பெயர். (அண்டர்கிரவுண்ட் என்று பெயர்தான், அந்த இடத்தில் லைன் தரைக்கு மேலேதான் ஓடுகிறது.) டிவியை அணைத்தால் ப்ராம்லி-பை-போ பழையபடி இருக்கும். எங்கள் தொழில் பாஷையில், டெஸ்ட் டேட்டா ப்ரொடக்‌ஷனுக்குப் போகவில்லை.

நம் பக்கத்தில் போய்விட்டது. ஆர்.கே. நாராயணுக்கு மால்குடி என்ற ஊரே முதலில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனாகத்தான் மனதில் வந்தது, அவரே சொல்லியிருக்கிறார். 1935-ல் முதல் நாவல். ஐம்பது வருஷம் கழித்து ஷங்கர் நாக் அதை டிவிக்கு எடுத்தபோது ஒரு ஸ்டேஷன் தேவைப்பட்டது. சுரங்கம் என்றால் உள்ளேயே செட் போட்டுச் சமாளிக்கலாம். திறந்தவெளி ஸ்டேஷனுக்குத் தண்டவாளமும் வேண்டும், பின்னால் ஒரு ஊரும் வேண்டும். அதனால் நிஜ ஸ்டேஷன் ஒன்றை இரவல் வாங்கினார்கள்: ஷிவமொக்கா மாவட்டத்து அரசாளு. 2020-ல் அங்கிருந்த பழைய கட்டடத்தைப் புதுப்பித்து ரயில்வேயே மால்குடி மியூசியம் ஆக்கிவிட்டது.

போன டிசம்பரில் போயிருந்தேன். எல்லாரும் மால்குடி என்ற எழுத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், நானும்தான் எடுத்தேன். அரசாளு என்ற பலகைப் பக்கம் ஒருத்தரும் இல்லை. சரி, கதை வராமல் இருந்திருந்தால் அந்தக் கட்டடத்தை யார் புதுப்பித்திருப்பார்கள்? அதையும் கேட்கவேண்டும் இல்லையா.

1927-ல் விருதுநகர்–தென்காசி லைனோடு வந்தது எங்கள் சிவகாசி ஸ்டேஷன். அதை இதுவரை எந்தக் கதையும் இரவல் கேட்டு வந்ததாகத் தெரியவில்லை. பொறாமைப்படுவதா நிம்மதிப்படுவதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.