மறுசேர்க்கை வைரஸ் மேற்பரப்புப் புரதங்கள்

வைரசின் வெளிப்புறத்தில் அமைந்த புரதத்திற்குரிய மரபணுவை வேறோர் உயிரணுவில் செலுத்தி, அப்புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கிப் பெறுவது மறுசேர்க்கை வைரஸ் மேற்பரப்புப் புரதம் எனப்படும். ஓம்புயிரின் உயிரணுவில் வைரஸ் ஒட்டுவதும் உள்ளே நுழைவதும் இப்புரதங்களால்தான். உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் பெரும்பாலும் இவற்றையே தாக்குகின்றன. தனிப்புரதம் பெருகாது, தொற்றாது. ஆகவே எச்.ஐ.வி. போன்ற வைரசுகளின் புரதங்களையும் உயர்பாதுகாப்புக் கூடம் இல்லாமலே ஆராயலாம்.

முன்வரலாறு

மரபணுப் பொறியியல் வருமுன், வைரசை வளர்த்தோ நோயாளியின் குருதியிலிருந்தோதான் இப்புரதங்களைப் பிரித்தெடுத்தனர். இன்ஃபுளுயன்சா வைரசிலிருந்து, அன்னாசியில் கிடைக்கும் புரோமிலெய்ன் நொதியால் வெட்டியெடுத்த மேற்பரப்புப் புரதமான ஹீமக்ளூட்டினினின் முப்பரிமாண அமைப்பை இயான் வில்சன், ஜான் ஸ்கெஹெல், டான் வைலி ஆகியோர் 1981-ல் வெளியிட்டனர்.

ஹெபடைட்டிஸ் பி வைரசில், வைரசை வளர்க்கும் வழி பயன்படவில்லை. அதை ஆய்வகத்தில் வளர்க்க இயலவில்லை. அதன் மேற்பரப்புப் புரதத்தை, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் கண்டறிந்து 1965-ல் அறிவித்தவர் பரூக் புளூம்பெர்க். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பூசிக்கு, நோய்க்காவிகளின் பிளாஸ்மாவே மூலப்பொருள். அது போதிய அளவில் கிடைக்கவில்லை. எய்ட்ஸ் பரவிய பின் குருதிப் பொருள்கள் மீது அச்சமும் எழுந்தது.

ஈஸ்ட்டில் பிறந்த புரதம்

பாப்லோ வலென்சுவேலா, வில்லியம் ரட்டர், பெஞ்சமின் ஹால் ஆகியோரின் குழு 1982-ல் ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்புப் புரதத்தின் மரபணுவை ஈஸ்ட்டில் செலுத்தியது. உண்டான புரதங்கள், நோயாளிகளின் குருதியில் காணப்படும் சுமார் 22 நானோமீட்டர் துகள்களைப் போலவே தாமாக ஒன்றுசேர்ந்தன. இம்முறையில் தயாரான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1986-ல் அனுமதி பெற்றது. மனிதருக்கான முதல் மறுசேர்க்கைத் தடுப்பூசி அதுவே. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் இந்தியத் தயாரிப்பை வெளியிட்டது.

சர்க்கரையும் உயிரணுவும்

எல்லாப் புரதங்களுக்கும் ஈஸ்ட் பொருந்தவில்லை. எச்.ஐ.வி.யின் மேற்பரப்பிலுள்ள ஜிபி120 புரதத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைச் சங்கிலிகள். ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியா இவற்றைச் சேர்ப்பதில்லை. ஈஸ்ட் சேர்ப்பவையோ மனித உயிரணுவின் சர்க்கரைகளிலிருந்து வேறுபட்டவை. எனவே பூச்சி உயிரணுக்கள், சீன வெள்ளெலிக் கருப்பை உயிரணுக்கள், 1973-ல் நெதர்லாந்தின் லைடனில் உருவான ஹெக் 293 என்னும் மனித உயிரணு வழி ஆகியவை பயன்பாட்டுக்கு வந்தன. பூச்சி உயிரணுவில் தயாரித்த ஹீமக்ளூட்டினின் கொண்ட இன்ஃபுளுயன்சா தடுப்பூசிக்கு 2013-ல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

வடிவத்தை நிலைநிறுத்துதல்

சர்க்கரை சரியாக அமைந்தும் சிக்கல் தீரவில்லை. தனி ஜிபி120-ஐக் கொண்ட தடுப்பூசி எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கவில்லை என்பதை 2003-ல் வெளியான பெரும் சோதனைகளின் முடிவுகள் காட்டின. வைரசின் மேல் இப்புரதம் தனியாக நிற்பதில்லை. ஜிபி41 என்னும் மற்றொரு புரதத்துடன் இணைந்து மும்மடிக் கூட்டாக நிற்கிறது. அதுவும் நாணேற்றிய வில் போன்றது: உயிரணுவுக்குள் நுழையும்போது வடிவம் மாறிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. நுழைவதற்கு முந்தைய வடிவத்தைத்தான் ஆற்றல்மிக்க எதிர்ப்பொருள்கள் பல அடையாளம் காண்கின்றன.

அந்த வடிவத்தைப் பூட்டிவைக்கும் முயற்சிகள் பின்னர் பலித்தன. எச்.ஐ.வி.க்கான 'சோசிப்' மும்மடிகள் 2002 முதல் உருவாயின. சுவாசத் தொற்றை உண்டாக்கும் ஆர்.எஸ்.வி. வைரசின் எஃப் புரதத்தை ஜேசன் மெக்லெலன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் ஆகியோரின் குழு 2013-ல் நிலைப்படுத்தியது. அந்த அணுகுமுறையில் உருவான தடுப்பூசிகள் 2023-ல் அனுமதி பெற்றன. கோவிட்-19 கொரோனா வைரசின் ஸ்பைக் புரதத்தில் 986, 987 ஆகிய இடங்களில் புரோலின் அமினோ அமிலத்தைப் புகுத்தியபோது அதன் வடிவம் நிலைத்தது. 2020 பிப்ரவரியில் வெளியான ஸ்பைக் அமைப்பும், ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளும் இம்மாற்றத்தைக் கொண்டவையே.

ஆய்வகப் பயன்பாடு

குருதியில் எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலைசா சோதனை, ஏற்பியுடன் புரதம் பிணையும் வலிமையை அளத்தல், எதிர்ப்பொருள் சுரக்கும் பி உயிரணுக்களைப் பிரித்தெடுத்தல், அமைப்பைப் படமெடுத்தல் ஆகியவற்றுக்கு இப்புரதங்கள் அடிப்படை. தூய்மைப்படுத்த எளிதாகப் பெரும்பாலும் ஒரு முனையில் ஹிஸ்டிடின் தொடர் இணைக்கப்படுகிறது. அது நிக்கல் பூசிய பிசினில் ஒட்டிக்கொள்ளும். ஒரே பெயரில் கிடைக்கும் இரு புரதங்கள், தயாரான உயிரணுவும் நிலைப்படுத்திய வடிவமும் வேறாயின், வேறு முடிவுகளைத் தரக்கூடும். அவ்விரண்டையும் குறிப்பிடாத ஆய்வின் முடிவைப் பிறிதொன்றுடன் ஒப்பிடுவது பிழையாகும்.