மீண்டும் ஒப்பாமை: குருண் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

மலாயாவுக்குத் தமிழர் புலம்பெயர்ந்த வரலாற்றை ஆராய்வோர், அவர்கள் எவ்வாறு கொண்டுவரப்பட்டனர் என்பதையே பெரிதும் விளக்குவர். ஒப்பந்தக்காலம் முடிந்தபின் அவர்கள் என்ன செய்தனர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. தவணை முடிந்த தொழிலாளி மறுஒப்பந்தத்திற்கு இசையாது விலகியதன் பொருளைக் கெடா மாநிலத்துக் குருண் வட்டாரத்தை மனத்திற்கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சஞ்சிமுறையும் தவணையும்

சஞ்சிக்கூலிகளாக வந்தோர் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்திற்கு ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்டனர். பயணச் செலவு அவர்தம் கணக்கில் கடனாக எழுதப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. இடையில் விலகுவது குற்றமாகக் கருதப்பட்டது. அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. ஆகவே, தண்டனைக்கு அஞ்சாமல் தொழிலாளி 'மாட்டேன்' என்று சொல்லக்கூடிய நாள் தவணை முடியும் நாளேயாகும். அந்நாளிலும் கடன் தீராதிருப்பின் அச்சொல் பயனற்றுப் போயிற்று. நோயுற்ற நாளும் வேலைக்கு வராத நாளும் கூலியைக் குறைத்தமையால், கடன் தீரும் நாள் தள்ளிப்போவது இயல்பாயிற்று.

1910ஆம் ஆண்டில் இம்முறையை ஆராய்ந்த பார் ஆணையம் அதனைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. அவ்வாண்டே புதிய ஆள்சேர்ப்பு நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1913க்குள் முடிவுற்றன. இதனை அரசின் அருளாக மட்டும் காண்பது பொருந்தாது. ரப்பர் விலையேற்றத்தால் ஆள்தேவை மிகுந்தது. கங்காணி வழியாக வந்த ஆட்கள் முதலாளிகளுக்கு எளிதிற் கிடைத்தனர். கட்டுப்பட்ட ஆட்களோ வாய்ப்பு நேர்ந்தபோது தப்பியோடினர். தவணை முடிந்ததும் வேறிடம் நாடினர். ஆளை நிலைநிறுத்த இயலாத முறை முதலாளிக்கும் பயன்படாது என்பதை இவ்விலகல்கள் உணர்த்தின என்பது நம் கருத்து.

குருணின் தனித்தன்மை

1909 மார்ச்சுத் திங்களில் ஏற்பட்ட ஆங்கிலேய–சயாமிய உடன்படிக்கைக்குப் பின்னரே கெடா ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்தது. ஜெராய் மலையடிவாரத்துக் குருண், பீடோங், சுங்கைப்பட்டாணிப் பகுதிகளில் ரப்பர் பரவிய காலமும் சஞ்சிமுறை மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. எனவே இவ்வட்டாரத்துத் தமிழரில் பெரும்பாலோரின் முன்னோரைச் சஞ்சிக்கூலிகளாகக் கருதுவது பிழையாகும். அவர்கள் கங்காணிமுறையில் வந்தவர்கள். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகும் உரிமை அவர்களுக்குச் சட்டப்படி இருந்தது.

ஆயினும் இவ்வுரிமை ஏட்டளவில் முழுமையாகவும் லயத்தில் குறையாகவும் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்ற கங்காணி, அவர்கள் விலகுவதை விரும்பவில்லை. அவரிடமும் மளிகைக்கடையிலும் பட்ட கடன், ஒரே ஊர் உறவு, தோட்டத்துக்கே உரிய குடியிருப்பு ஆகியவை எழுதப்படாத ஒப்பந்தங்களாயின. வேலையை விடுபவர் வீட்டையும் விட நேர்ந்தது. இதனால் தனியொருவர் விலகுவது அரிதாகவும், கங்காணியோடு கூட்டமாக வேறு தோட்டத்திற்குச் செல்வது எளிதாகவும் அமைந்தது.

இருமுனை உரிமை

ஒரு மாத அறிவிப்பு முதலாளிக்கும் உரியதாகும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் வேலை நீக்கம் பெற்றுத் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். தொழிலாளி அரிதாகவே பயன்படுத்திய உரிமையை முதலாளி தடையின்றிப் பயன்படுத்தியதை இங்குக் காண்கிறோம். கட்டுப்பாடு நீங்கியது; பாதுகாப்பு வந்து சேரவில்லை.

முடிவுரை

மறுஒப்பந்தத்தை மறுத்தல் ஆரவாரமற்ற செயல். வேலைநிறுத்தம் போல அது செய்தியாவதில்லை; செக்ரோலில் ஒரு பெயர் இல்லாமற்போவதே அதன் சான்று. அத்தகைய மறுப்பு உண்மையான விருப்பமாக அமையக் கடனற்ற நிலையும், செல்வதற்கோர் இடமும், தங்குவதற்கோர் வீடும் தேவை. குருண் வட்டார வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, வந்தவர்களின் எண்ணிக்கையோடு, விலக விரும்பியும் விலக இயலாதவர்களின் நிலையையும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.