ஊவா மலைகளில் கை பழகிய வரலாறு

ஊவா மலைத்தோட்டங்களின் வைத்திய சரித்திரத்தை எழுதப் புகுவோர் சட்டங்களையும் ஆஸ்பத்திரிக் கட்டடங்களையும் விரித்துரைப்பதே வழக்கம். அக்கட்டடங்களுக்குள்ளே கத்தி பிடித்த கை எங்கே பழகிற்று, யாருடைய கண்காணிப்பில் பழகிற்று என்ற விசாரணை எனக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுகிறது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமையிலே கோப்பியிலைகளில் செம்மஞ்சள் துரு படர்ந்திருப்பது முதன்முதலாகக் காணப்பட்டபோது, பேராதனைப் பூந்தோட்டத்து அதிபர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பூஞ்சண வல்லுநர் பார்க்லிக்கு அனுப்பிவைக்க, அவ்வாண்டிலேயே அந்நோய்க்கு இலத்தீன் நாமகரணமும் நடந்தேறிவிட்டது. அதே மலையில் காலிலே புண்ணோடு கிடந்த தொழிலாளிக்கோ, சட்டபூர்வமான வைத்திய ஏற்பாடு என்று ஒன்று உண்டாக 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் செலவை யார் ஏற்பது என்ற வாதம் அதன்பின்னும் ஓயவில்லை.

சட்டம் வந்தாலும் கைகள் வேண்டுமே! கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல்தான், ஜேம்ஸ் லூஸ் என்பவரை அதிபராகக் கொண்டு, 25 மாணவருடன் ஆரம்பமாயிற்று. அதற்கு முன்னரே வடக்கில் மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் வைத்தியம் கற்பித்து வந்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடித் தூர இடங்களுக்குப் போய்விடுவதைக் கண்டு போதனையைத் தமிழுக்கு மாற்றிய அவர், 1867இல் ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலையும் தமிழிலே வெளியிட்டார். ஊரோடு தங்கும் வைத்தியரை உருவாக்கும் அந்த நோக்கம் மலைநாட்டுக்கு மிகப் பொருந்தியிருக்கும். பதுளையில் ஒரு கிறீன் தோன்றவில்லை.

தோட்டத்துக்கு வாய்த்தவர் டிஸ்பென்சர். லயத்து மக்களுக்கு அவரே டாக்டர் ஐயா. கவ்வாத்துக் கத்தி தவறிப் பட்ட முழங்கால், கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி முறிந்த கை, சீழ் கட்டிய பாதம், அட்டைக்கடியைச் சொறிந்து பெரிதாக்கிய புண் என்று நாள்தோறும் அவர்முன் வந்து நின்ற நோயாளருக்குக் குறைவில்லை. அவர் போட்ட தையலைப் பார்த்துச் சரி பிழை சொல்லும் குருவொருவர்தாம் பக்கத்தில் இல்லை. ஆகவே சிலருடைய கை அனுபவத்தால் தேர்ச்சி பெற, வேறு சிலருடைய கை தன் பிழையையே அனுபவமென்று கருதி வளர்த்துக்கொண்டது. முந்தியவரைக் கைராசிக்காரர் என்று மக்கள் கொண்டாடினர்; பிந்தியவரிடம் போகாதிருக்க அவர்களுக்கு வேறு கதியுமில்லை. வயிற்றைத் திறக்க வேண்டிய வியாதியென்றால் பிரயாணமே பெரும் பரீட்சை: புகையிரதம் பண்டாரவளைக்கு வந்தது 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல்.

இரைப்பைப் புற்றுநோயை வெட்டி நீக்கும் வித்தையோ ஆசானும் சீடர்களும் கூடியிருந்த இடத்தில் பிறந்தது. பாரிஸில் பெயானும் அவருக்குப்பின் போலந்தியரான ரிடிகியரும் முயன்று நோயாளரை இழந்த பின்னர், 1881 ஜனவரி 29இல் வியன்னாவிலே தியோடர் பில்ரோத் அதை நிறைவேற்றினார் என்றால், அவருடைய சீடர்கள் நாய்களின் இரைப்பையை வெட்டித் தைத்துப் பழகியும், பல்லாயிரம் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தும் முன்னரே வழி செப்பனிட்டிருந்தனர். அந்த நோயாளி அதன்பின் ஏறக்குறைய நான்கு மாதமே வாழ்ந்தார்.

2002 முதல் ஜப்பானிய வைத்தியர்கள் இச்சிகிச்சையை ரோபோவின் கரங்களால் செய்து காட்டி வருகின்றனர். 2018இல் அந்நாட்டுக் காப்புறுதியும் அதை ஏற்றுக்கொண்டது. வைத்தியர் நோயாளியைத் தொடாமல் சற்று விலகி ஒரு பீடத்தில் அமர்ந்து கருவிகளை இயக்குகிறார். ஈரலுக்குச் செல்லும் நாடியையும் கணையத்தையும் ஒட்டிய நிணநீர்க் கணுக்களைக் களைவதே இதில் கடினம்; கணையம் சிறிது காயப்பட்டாலும் அதன் நீர் கசிந்து ஆபத்து விளையும். துளைவழிச் சத்திரசிகிச்சையில் முன்பே கைதேர்ந்தவருக்கு இருபது சிகிச்சைகள் அளவில் வேகம் சீர்ப்படுகிறதென்று பல ஆய்வுகள் கூறுகின்றன. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆன நேரத்தைச் சராசரியோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போகும் அவ்வாய்வுகளின் கணக்குமுறை, 1954இல் பேஜ் என்பவர் தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் காக்க வகுத்ததாகும். இதனினும் என்னைக் கவர்ந்தது இரட்டைப் பீடம்: குரு ஒன்றிலும் சீடர் மற்றொன்றிலும் அமர்ந்திருக்க, கை பிசகும் கணத்தில் குரு கருவியைத் தம் வசமாக்கிக்கொள்ளலாம். நம் டிஸ்பென்சருக்கு வாய்க்காத துணை இதுவே.

இலங்கையில் இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானைப் போல மிகுதியன்று. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் தோட்டத்து மக்களிடம் மிகுந்திருப்பது வாய்ப்புற்றுநோய். 1980இல் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் ஏற்பட்டபின் சத்திரசிகிச்சை நிபுணர் பயிற்சி இங்கேயே நடக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சியும் அதன் அங்கம். ஆயினும் இருபது நோயாளர் ஒரு மாகாணத்தில் சேர எத்தனை வருஷமாகும்! பதுளைக்கு ரோபோ வாங்குவதைப் பற்றிப் பேசுமுன், சிதறி வரும் இந்நோயாளரை நாட்டில் ஓரிரு இடங்களில் ஒன்றுசேர்ப்பதைப் பற்றிப் பேசுவதே முறை என்பது என் அபிப்பிராயம். அப்படிச் செய்தால் பசறைத் தோட்டத்துப் பெண் மறுபடியும் தூரப் பிரயாணம் செய்து நாட்கூலியை இழப்பாளாதலால், அந்த இழப்பையும் சிகிச்சைச் செலவோடு சேர்த்து அரசாங்கமே ஏற்கவேண்டும்.