ஒளிவழி நாடித்துடிப்பு அளவீடு: பெரம்பலூர், அரியலூர்

விரலிலோ காதுமடலிலோ ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தால் அதில் நேரும் மாற்றத்தைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணக்கிடும் முறை இது. அமெரிக்க உடலியலாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930களின் இறுதியில் ஒளிமின்கலம் கொண்டு தோலின் இரத்த ஓட்டத்தைப் பதிவுசெய்தார். அடுத்த பெரிய திருப்பம் ஜப்பானில் நேர்ந்தது. நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைச் சாயம் செலுத்தி அறிய முயன்றபோது நாடி அலை குறுக்கே வந்து கணக்கைக் குழப்பியது. அதை நீக்க வழி தேடியவர், தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அந்த அலையிலிருந்தே அறியலாம் என்று கண்டார். 1974இல் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கான காப்புரிமை கோரப்பட்டது.

ஒவ்வொரு துடிப்பிலும் விரல்நுனியில் இரத்தம் கூடும். உணரியை எட்டும் ஒளி அந்த நொடியில் குறையும். தோல், எலும்பு, சிரை இரத்தம் ஆகியவை விழுங்கும் ஒளி பெரும்பாலும் மாறாது. துடிப்பால் மாறுவது மொத்தத்தில் ஓரிரு விழுக்காடுதான். அந்தச் சிறு அலையை வடிகட்டிப் பெருக்கி, இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, 60ஐ அந்த நொடிக்கணக்கால் வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். இடைவெளி 0.8 நொடி என்றால் துடிப்பு 75. கை அசைந்தால் பொய் முகடுகள் தோன்றும். குளிர்ந்த விரலிலும் காய்த்துப்போன விரலிலும் அலை மெலியும். இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும்போது வலுக்குறைந்த துடிப்புகள் விரலை எட்டாமலே போகலாம்; அப்போது ஈசிஜியே நம்பகமானது.

மருத்துவமனைகளிலும் 108 ஆம்புலன்சுகளிலும் இருந்த பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மக்கள் பரவலாக அறிந்தது கொரோனா காலத்தில்தான். 2020 மே மாதம் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களிடையே தொற்று தெரியவந்தபோது, அரியலூரும் பெரம்பலூரும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் இருந்தன. மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் குறையும் நோய் கொரோனா என்பதால், வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கு இந்தச் சிறு கருவி உயிர்காக்கும் எச்சரிக்கையாக இருந்தது. ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மருத்துவ உதவியை நாட வேண்டும் என்பது அக்கால வழிகாட்டுதல்.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, கருவி போதுமான ஆக்சிஜன் காட்டியபோதும் உண்மையில் குறைவாக இருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டியது. தோலின் மெலனினும் ஒளியை விழுங்குவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. துடிப்புக் கணக்கை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆக்சிஜன் கணக்கைத்தான் பிறழச் செய்கிறது. பருத்தி, மக்காச்சோளக் காடுகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் வெயிலில் உழைக்கும் இவ்வட்டார மக்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இங்கே விற்கப்படும் கருவிகள் இங்குள்ளோரின் தோல் நிறங்களில் சோதிக்கப்பட்டே தீர வேண்டும். கருவி நல்ல எண்ணைக் காட்டியும் நோயாளி சோர்ந்தால், தமனி இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதே முறை.