பாரிசைக் காத்தவரா? ஒரு செருமானியத் தளபதியின் வரலாறு



வரலாற்றுப் பாடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அவர் நல்லவரா, கெட்டவரா?" என்பதுதான். அக்கேள்விக்கு எளிதில் விடை தராத ஒருவரைப் பற்றி இன்று காண்போம்.

தீட்ரிக் வான் கோல்டிட்சு 1894 நவம்பர் 9ஆம் நாள் செருமானியப் பேரரசின் சிலேசியாவில் பிறந்தார். அவர் பிறந்த ஊர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. சிறு அகவையிலேயே திரெசுடன் நகரப் படைப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவருக்கு இருபது அகவைகூட நிரம்பவில்லை. சாக்சனிக் காலாட்படையில் சேர்ந்து மேற்குப் போர்முனையில் போரிட்டார். போரில் தோற்ற செருமனியின் தரைப்படையை வெர்சாய் உடன்படிக்கை 100,000 பேராகக் குறைத்தது. அச்சிறு படையிலும் கோல்டிட்சு நீடித்தார்.

1940 மே 10ஆம் நாள், நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் வானூர்தி வழியே இறங்கிய காலாட்படையில் ஒரு பிரிவுக்கு அவர் தலைவர். மே 14இல் சரணடைவுப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே செருமானிய வானூர்திகள் குண்டு வீசின; நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலானது. அப்போரில் ஆற்றிய பணிக்காக அவருக்கு உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது. பின்னர் கிரிமியாவின் செவசுதோபோல் முற்றுகையிலும் பங்கேற்றார். 1942இல் அந்நகர் வீழ்ந்தபோது அதுவும் இடிபாடாகவே எஞ்சியது.

1944 ஆகத்தில் காலாட்படைத் தளபதியாக உயர்ந்த அவரை, பாரிசு நகரின் படைத் தலைவராக இட்லர் அமர்த்தினார். ஆகத்து 19இல் பாரிசு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பகைவர் கையில் பாரிசு சிக்கக்கூடாது, சிக்கினால் இடிபாடாகவே சிக்க வேண்டும் என்று 23ஆம் நாள் இட்லரின் ஆணை வந்தது. கோல்டிட்சு அதை நிறைவேற்றவில்லை. சுவீடன் நாட்டுத் தலைமைத் துணைத்தூதர் ரவூல் நோர்துலிங் அவரிடம் பலமுறை பேசினார். 25ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி லெக்லேரிடம் கோல்டிட்சு சரணடைந்தார். பாலங்களும் பேராலயங்களும் தப்பின. "பாரிசைக் காத்தவர்" என்னும் பெயர் அவருக்கு வந்தது. நூலும் திரைப்படமும் அப்பெயரை உலகெங்கும் பரப்பின.

ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை. அவர் பொறுப்பேற்ற சில நாள்களில், ஆகத்து 15இல், 2,000க்கும் மேற்பட்ட கைதிகள் பாரிசிலிருந்து வதைமுகாம்களுக்கு இரயிலில் அனுப்பப்பட்டனர். நகரை முற்றாக அழிக்கப் போதிய படையும் நேரமும் அவரிடம் இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

சிறைப்பட்ட அவரை ஆங்கிலேயர் இலண்டன் அருகே திரென்டு பார்க் மாளிகையில் வைத்திருந்தனர். அங்கே மறைத்து வைத்த ஒலிவாங்கிகள் தளபதிகளின் உரையாடல்களைப் பதிவு செய்தன. தாம் செய்தவற்றுள் மிகக் கொடிய பணி யூதர்களை ஒழித்ததே என்றும், அதையும் முழுமையாகச் செய்து முடித்ததாகவும் அவர் சக தளபதி ஒருவரிடம் கூறியது அப்பதிவில் உள்ளது. செருமானிய வரலாற்றறிஞர் சோன்கே நைட்சல் 2005இல் வெளியிட்ட நூலின் வழியே இது பரவலாகத் தெரியவந்தது. கோல்டிட்சோ எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படாமல் 1947இல் விடுதலையாகி, 1966இல் மறைந்திருந்தார்.

ஆசிரியப் பெருமக்களே, ஓர் ஆணையை மீறியவர், அதற்கு முன் பல ஆணைகளை மறுபேச்சின்றி நிறைவேற்றியவர். பாரிசின் கதையை மட்டும் சொன்னால் மாணவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அந்த இரயிலில் சென்றவர்களை மறந்துபோவார்கள். ஒலிப்பதிவை மட்டும் சொன்னால், தப்பிப் பிழைத்த நகரை மறைத்தவர்கள் ஆவோம். இரண்டையும் பிள்ளைகள்முன் வைப்போம். "எந்த ஆணையை மீறினார், எதை மீறவில்லை, ஏன்?" என்று அவர்களைக் கேட்போம். விடை தேட ஒரு பாடவேளை போதாமல் போகலாம்; அதனால் குறையொன்றுமில்லை.